கணையத்தில் கல் என்றால்

(சாக்கோட்டை ஒன்றியக் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஆற்றிய உரை)



வயிற்றுவலிக்கு ஸ்கேன் எடுத்த சிலர், "கணையத்தில் கல்" என்று எழுதியிருக்கக் கண்டதும், புற்றுநோய் என்றஞ்சித் தாளைப் பெட்டியில் பூட்டிவிடுகின்றனர். வேறு சிலர் வாயுக் கோளாறென்று கஷாயம் குடிக்கின்றனர். இரண்டும் தவறு.

இரைப்பைக்குப் பின்னுள்ள கணையம், உணவைச் செரிக்கும் நீரையும், சர்க்கரையை அடக்கும் இன்சுலினையும் சுரக்கிறது. அதன் குழாயில் சுண்ணாம்புக் கற்கள் சேரும் வியாதி தென்னிந்தியாவுக்குப் புதிதன்று. 1959-ல் ஜூய்டெமா இந்தோனேஷியாவில் இதனை விவரித்தார். பின்னர் டாக்டர் கீவர்கீஸ் கேரளத்தில் ஏராளமானோரிடம் கண்டார். சிறு வயதில் விட்டுவிட்டு வயிற்றுவலி, வாலிபத்தில் நீரிழிவு. மதுவைத் தொடாதவருக்கும் வரும். வெகுகாலம் மரவள்ளிக்கிழங்கின்மீது பழி சுமத்தினர்; மரபணு மாறுதலுக்கும் பங்குண்டெனப் பிற்பாடு தெரிந்தது.

கல் வேறு, புற்றுநோய் வேறு. ஆயினும் இக்கல் உடையவருக்குப் பிற்காலத்தில் புற்றுநோய் வரும் அபாயம் பிறரினும் அதிகம். ஆதலால் சர்க்கரையைச் சோதித்து, வைத்தியர் கூறும் கெடுவில் தவறாது காட்டுக. மதுவும் புகையிலையும் அறவே ஆகா.

"கட்டி" என்று எழுதியிருந்தாலோ, வலியின்றிக் கண் மஞ்சளாகி உடல் இளைத்தாலோ, கீழாநெல்லியை நம்பிக் காத்திராமல் உடனே சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்லுங்கள். பழைய ஸ்கேன் தாளையும் உடன் கொண்டுபோங்கள். ஒப்பிட்டால்தான் மாறுதல் புலப்படும்.