டைபீரியஸ் முகத்துல ஒரு வெட்டு

போன வாரம் ஆவடியிலிருந்து ஒரு நேயர் ரெண்டு போட்டோ அனுப்பியிருந்தார். கரூர் பக்கத்துத் தாத்தா வழியா வந்த வெள்ளிக்காசு. ஒரு பக்கம் இலைமாலை சூடிய தலை, மறுபக்கம் உட்கார்ந்திருக்கிற பெண். டைபீரியஸ் காசுகள்ல அடிக்கடி பார்க்கிற உருவம் இது. ஆனா தலைமேல குறுக்கா ஒரு உளி வெட்டு. "லேசர் வெல்டிங்ல வெட்டை அடைச்சுட்டா நல்ல விலை போகும்னு ஒருத்தர் சொல்றார், அடைக்கலாமா?"ன்னு கேட்டிருக்கார்.

அடைக்காதீங்க. அந்தக் காசு ரோம்ல செலவாகல, இந்தப் பக்கம் வந்துச்சுன்னு சொல்லக்கூடிய அடையாளம் அந்த வெட்டாத்தான் இருக்கும்.

1898-ல புதுக்கோட்டை சமஸ்தானத்துல, கறுக்காக்குறிச்சியில ஒரு புதையல் கிடைச்சுது. 501 ரோமானியத் தங்கக்காசு. அதுல பத்துக்கு ஒன்பது காசுல அரசன் தலைமேல இதே மாதிரி வெட்டு. ஏன் வெட்டினாங்க? உள்ள செம்பு வெச்சு மேல முலாம் பூசியிருக்கான்னு பார்க்கன்னு சிலர் சொல்றாங்க. இனி இது காசாப் புழங்கக் கூடாது, எடைக்கு மட்டும்தான்னு காட்டன்னு வேற சிலர். எனக்கு ரெண்டாவதுதான் சரின்னு படுது. சோதிக்கணும்னா ஓரத்துல ஒரு கீறல் போதுமே, முகத்தைப் பிளக்க வேண்டியதில்லை.

நான் அம்பத்தூர் எஸ்டேட்ல டூல் ரூம் வேலை பார்க்கிறவன். அதனால எனக்கு இந்தக் காசு சரித்திரத்துக்கு முன்னாடி ஒரு ஜாப். கீழ ஒரு டை, மேல ஒரு டை, நடுவுல வெள்ளி வில்லை, ஓங்கி ஒரு சம்மட்டி அடி. அடிச்சுச் செய்ததுல தேய்மானம் எப்பவும் மேட்டுலதான் ஆரம்பிக்கும். காதுக்கு மேல இருக்கிற முடி, கன்ன எலும்பு, மாலையோட இலை. பள்ளத்துல, எழுத்தோட அடிக்காலுல கூர்மை மிஞ்சும். மேடு, பள்ளம், எழுத்து எல்லாமே ஒரே மாதிரி மழமழன்னு சோப்பு தேய்ஞ்ச மாதிரி இருந்தா நான் உஷாராயிடுவேன். அது வார்ப்பா இருக்கலாம். லென்ஸ் வெச்சுப் பாருங்க, பரப்புல ஊசிமுனை அளவு காற்றுக்குழி தெரியும், சிலதுல ஓரத்தைச் சுத்தி ராவின தடம் இருக்கும்.

அப்புறம் எடை. நீரோ பொ.ஆ. 64 வாக்குல எடையைக் குறைக்கிறதுக்கு முன்னாடி வந்த வெள்ளிக்காசு 4 கிராமுக்குக் கொஞ்சம் கம்மி. தேய்ஞ்சா இன்னும் குறையணும். முகமே தெரியாத அளவுக்குத் தேய்ஞ்ச காசு முழு எடை காட்டுதுன்னா கணக்கு எங்கயோ உதைக்குது.

சரி, வெட்டு பழசா புதுசான்னு எப்படிப் பார்க்கிறது? உளி இறங்கினா உலோகம் எங்கயும் காணாமப் போகாது, ரெண்டு பக்கமும் வரப்பு மாதிரி எழும்பும். எங்க ஊர்ல பர்னு சொல்லுவோம். பழைய வெட்டுல அந்த வரப்பு மழுங்கியிருக்கும், பள்ளத்துக்குள்ள காசோட அதே கறுப்பு படிஞ்சிருக்கும். காசு மொத்தமும் கறுத்திருக்கு, வெட்டுக்குள்ள மட்டும் பளபளன்னா அது சமீபத்து வேலை. நேயரோட போட்டோவுல உள்ளேயும் கறுப்பாத்தான் தெரியுது. ஆனா போட்டோவை வெச்சுச் சத்தியம் பண்ண மாட்டேன்.

இப்ப அடைச்சுட்டா என்ன ஆகும்? அடைச்ச இடத்தைச் சுத்தியிருக்கிற முடியையும் கன்னத்தையும் கிரேவர் வெச்சு மறுபடி செதுக்கணும். அதுக்கப்புறம் அது டைபீரியஸோட மூக்கு இல்ல, நம்ம பட்டறைக்காரர் மூக்கு. நிறம் ஒத்துப்போக மொத்தத்தையும் பஃப் அடிப்பாங்க. 2,000 வருஷத் தோல் அஞ்சு நிமிஷத்துல போயிடும். புளி போட்டுத் தேய்க்கிறதும் இதோட தம்பிதான்.

துளை போட்ட காசுக்கும் இதே கண்ணுதான். நம்ம நாட்டுல கிடைக்கிறதுல சிலது கழுத்துல தொங்கின காசு, தலைக்கு மேல துளை இருக்கும். குத்திப் போட்ட துளையில பின்பக்கம் உலோகம் பிதுங்கியிருக்கும். கயிறு இழுத்து இழுத்து மேல் விளிம்பு நீண்டிருக்கும். டிரில் பிட் போட்ட துளை வட்டம் பிசகாது, உள்சுவர்ல சுருள் கோடு தெரியும். ஒருதரம் பார்த்துட்டா மறக்காது.

விற்கிற விஷயம். 100 வருஷம் தாண்டின காசு 1972 சட்டப்படி தொல்பொருள், வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. ஆன்லைன்ல துபாய் ஆள் ஒருத்தர் விலை சொல்றார்னு நேயர் எழுதியிருக்கார், அந்தப் பேச்சே வேண்டாம். பூந்தமல்லியில வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போது கிடைச்சா அது வேற கதை. 1878 புதையல் சட்டப்படி கலெக்டருக்குச் சொல்லியாகணும். நேயர்கிட்ட இருக்கிறது தாத்தா காசு. அவருக்கு நான் சொன்னது இதுதான்: கழுவாம, துடைக்காம, காகித உறையில போட்டு வைங்க, ஒரு நாள் லீவு போட்டு எழும்பூர் மியூசியம் போங்க. அங்க ரோமானியக் காசுகள் இருக்கு. உங்க காசை அதுக்குப் பக்கத்துல மனசுல வெச்சுப் பாருங்க. லென்ஸ் இல்லன்னா என்னோடதை வாங்கிக்கலாம், ஞாயித்துக்கிழமை அம்பத்தூர் ஓ.டி. வரைக்கும் வந்தா போதும்.