உழவர் உதவித்தொகையும் ஊராட்சியின் கடமையும்

(ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டமொன்றில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



மடையைத் திறந்துவிட்டவுடன் எந்த உழவரும் வீடு திரும்புவதில்லை. கடைசிப் பாத்திக்கு நீர் எட்டியதா என்று பார்த்த பின்னரே மண்வெட்டியைத் தோளில் வைக்கிறார். அரசு வழங்கும் உதவித்தொகையையும் நாம் அவ்வாறே கவனித்தல் வேண்டும்.

பிரதம மந்திரி கிசான் திட்டம் 2019ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. நிலமுள்ள உழவர் குடும்பத்துக்கு ஆண்டொன்றுக்கு ரூ. 6,000, மூன்று தவணைகளாக வங்கிக் கணக்கில் செலுத்தப்படுகிறது. முதலில் இரண்டு ஹெக்டேருக்கு உட்பட்டவர்களுக்கே இருந்த இவ்வுதவி, அவ்வாண்டு ஜூன் முதல் பிறருக்கும் விரிவாக்கப்பட்டது. ஆயினும் வருமான வரி செலுத்துவோரும், அரசு ஊழியருள் பெரும்பாலாரும் இதைப் பெற இயலாது.

2020ஆம் ஆண்டில் நம் மாநிலத்தில் நடந்ததை மறந்துவிடலாகாது. அலுவலகக் கடவுச்சொற்கள் வெளியார் கைக்குச் சென்றன. தகுதியற்ற ஏறத்தாழ ஐந்தரை இலட்சம் பேர் பட்டியலில் புகுந்தனர். சுமார் 110 கோடி ரூபாய் தவறான கணக்குகளுக்குச் சென்றதாக அரசே கண்டறிந்து, அதனைத் திரும்பப் பெற முனைந்தது. தரகர் பேச்சை நம்பி ஆதார் எண்ணைக் கொடுத்த ஏழைகளும் பணத்தைத் திருப்பிக் கட்ட நேர்ந்தது.

தகாதவர் பெறுவது ஒரு குறை. தக்கவர் பெறாமற்போவது அதனினும் பெருங்குறை. ஓர் அம்மையார் என்னிடம் வந்தார். அரை ஏக்கரில் நிலக்கடலை பயிரிடுபவர். 2021ஆம் ஆண்டில் கணவர் காலமானதும் தவணை நின்றுவிட்டது. பட்டா கணவர் பெயரிலேயே இருந்தது. "நிலத்தில் நான்தானே ஐயா பாடுபடுகிறேன்?" என்றார். அவருக்கு விடை சொல்ல எனக்கு நா எழவில்லை. அவ்வூர் உறுப்பினர் ஒருவர் முன்னின்று, இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் பெற்றுத் தந்து பட்டாவை மாற்றுவித்தார். அதன் பின்னரே அம்மையாரின் மனு ஏற்கப்பட்டது. உடையவர் இறந்து வாரிசுரிமையாக வந்த நிலத்துக்கு உதவி பெற விதியில் இடமுண்டு. அதை எடுத்துச் சொல்லத்தான் ஆள் வேண்டும்.

பிறர் நிலத்தைக் குத்தகைக்கு உழுபவருக்கு இத்திட்டத்தில் இடமில்லை. உழைப்பவர் ஒருவர், தொகை பெறுபவர் மற்றொருவர் என்னும் இக்குறையை நான் மறைக்க விரும்பவில்லை. ஆயினும் பயிர்க் காப்பீடும் கிசான் கடன் அட்டையும் குத்தகைதாரருக்கும் உரியவை. 1969ஆம் ஆண்டின் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டப்படி தம் பெயரைப் பதிந்து கொள்வது அவர்களுக்கு நல்ல அரண்.

உறுப்பினர்களே, உங்களிடம் நான் வேண்டுவன மூன்று. கிராம சபை கூடும் நாளில் பயனாளிகள் பட்டியலை உரக்கப் படியுங்கள். ஊராருக்குத் தெரியாத உழவர் எவருமில்லை. பொய்ப் பெயர் அங்கே நில்லாது. இறந்தவர் பெயரிலுள்ள பட்டாக்களைக் கணக்கெடுத்து, வாரிசுகளை மனுச் செய்யத் தூண்டுங்கள். ஆதார் இணைப்புக்கும் விவரச் சரிபார்ப்புக்கும் முதியோருக்குத் துணை செல்லுங்கள். தரகரை அண்ட விடாதீர்கள்.

இரண்டாயிரம் ரூபாய் சிலருக்குச் சிறு தொகையாகத் தோன்றலாம். அந்த அம்மையாருக்கு அது விதைக் கடலை வாங்கும் பணம். கடைசிப் பாத்தி நனைந்ததா என்று பார்க்கும் பொறுப்பு உங்களுடையது, என்னுடையதுங்கூட.