கோட்டையும் ஊரும்

கடல் கடந்து வந்து ஆண்டவர்க்கும் ஆளப்பட்டவர்க்கும் இடையே நிலவிய உறவைச் சட்டப் புத்தகங்களில் தேடிப் பயனில்லை. மாலை வேளையில் யார் யாரோடு அமர்ந்திருந்தனர் என்று பார்த்தாற் போதும். அதனை ஒளிவுமறைவின்றி எழுதி வைத்தவர்களுள் ஒருவர் லெனாட் வுல்ப். வோல்டயரின் தொண்ணூறு நூற்றொகுதிகளோடும் ஒரு நாயோடும் 1904 டிசம்பரில் இலங்கைக்கு வந்த அவ்விளைஞர், 1905 தொடக்கத்தில் யாழ்ப்பாணக் கச்சேரியிற் பணியேற்றார்.

அக்கால யாழ்ப்பாணத்தில் வெள்ளையர் மிகச் சிலர். பகலிற் கச்சேரி, மாலையில் டெனிஸ், பின்னர் விஸ்கியும் சோடாவும். நாள்தோறும் அதே முகங்கள், அதே பேச்சு. அந்த நாற்காலி வட்டத்துள் ஊரவர்க்கு இடமிருக்கவில்லை. அவர் 1907 இல் மாற்றலாகிச் சென்ற கண்டியிலோ, வெள்ளையர் மட்டுமே உறுப்பினராகத்தக்க கிளப்பு ஒன்று இருந்தது. சிவில் சேவையாளர் சுதேச மொழிகளைக் கற்றுப் பரீட்சையிற் சித்தியெய்த வேண்டுமென்ற விதி இருந்தது உண்மையே. ஆயின் அம்மொழி வழக்கு விசாரிக்கவே பயன்பட்டது. ஒரு வீட்டுத் திண்ணையில் அமர்ந்து சுகம் விசாரிக்க அன்று.

யாழ்ப்பாணத்தில் ஒரு சம்பவம். வுல்ப் குதிரை மீது சென்றபொழுது தம்மைச் சவுக்கால் முகத்தில் அடித்தார் எனத் தமிழ் நியாயவாதி ஒருவர் குற்றஞ்சாட்ட, முறைப்பாடு மேலிடம் வரை சென்றது. அடிக்கவேயில்லை என்றார் வுல்ப். அவர் சொன்னது மெய்யாகவே இருக்கலாம். எனினும், 1961 இல் வெளியிட்ட தம் வரலாற்றில் அவர் அத்துடன் நிற்கவில்லை. பிறருடைய ஊரின் பெருந்தெருவிலே தாம் குதிரையேறி இறுமாந்திருந்ததே அம்மக்களுக்கு முகத்தில் விழுந்த அடிதான் என்னுங் கருத்தை அவர் மறைக்கவில்லை.

1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் அவர் உதவி அரசாங்க அதிபர். அங்கே வெள்ளையர் கூட்டம் இல்லை. காட்டுக் கிராமங்கள் தோறும் சென்றார். 1913 இல் அவர் வெளியிட்ட நாவலின் மாந்தர் ஏழைச் சிங்களக் கிராமத்தவர். எனினும், அன்பு ஒருபுறமிருக்க, ஆணை ஆணையாகவே இருந்தது. மாட்டுக் கொள்ளைநோய் பரவியபொழுது கட்டாது விட்ட கால்நடைகளைச் சுடுவித்தார். உடையவர்களுக்குத் தண்டமும் விதித்தார்.

1960 இல், முதுமையில், இலங்கையைக் காண மீண்டும் வந்தார். வரவேற்புக்குக் குறைவில்லை. கொழும்பிலே ஒரு நாள் அவரைக் காண வயோதிபர் ஒருவர் வந்தார். முன்னர் அவரின் கீழ்ப் பணியாற்றிய தலைமைக்காரர். மாலையோடு வந்தவரல்லர். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னர் மாட்டு நோய்க் காலத்தில் தமக்கு விதிக்கப்பட்ட தண்டத்தை நினைவூட்டி, அது நீதிதானா என்று நேருக்கு நேர் கேட்டார்.