நிலத்துக்குக் கீழே வாழ்வோருக்கும் சட்டத்தின் காவல் வேண்டும்

(ரொறன்ரோ வாழ் தமிழ்ப் பெற்றோரும் இளையோரும் கூடிய நிகழ்வில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



கனடாவுக்குப் புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் முதல் முகவரி, நகர நடுவில் சென் ஜேம்ஸ் ரவுன் அடுக்குமாடியாகவோ, ஸ்காபரோவில் உறவினர் அல்லது ஊரவர் ஒருவரின் வீட்டுப் பேஸ்மென்ற்றாகவோ இருந்தது. பத்து, பதினைந்து ஆண்டுகள் கழித்து அதே குடும்பங்கள் சொந்த வீடு வாங்கின. வீட்டுக் கடனைக் கட்டுவதற்காகத் தங்கள் பேஸ்மென்ற்றை இன்னொருவருக்கு வாடகைக்குக் கொடுத்தன. இன்று அங்கே குடியிருப்போருள் தமிழகத்திலிருந்தும் ஈழத்திலிருந்தும் படிக்க வந்த மாணவர்கள் பலர். ஆகவே நகரின் கட்டட விதிகளும் தீப் பாதுகாப்பு விதிகளும் மாறும்போது, அவை தமிழ்ச் சமூகத்தை இரு பக்கத்திலும் தொடுகின்றன. வாடகை வாங்குபவரும் தமிழர். வாடகை கொடுப்பவரும் தமிழர்.

விதிகள் பிறந்த கதை

ரொறன்ரோவின் தீ விதிகள் அலுவலக மேசையில் மட்டும் பிறந்தவை அல்ல. 1904 ஏப்ரல் 19 ஆம் நாள் இரவு, வெலிங்ரன் வீதியில் பற்றிய தீ நகரின் வணிகப் பகுதியில் நூற்றுக்கும் மேற்பட்ட கட்டடங்களை அழித்தது. ஏறத்தாழ 5,000 பேர் வேலை இழந்தனர். அதன் பின்னரே நகரம் தன் கட்டட விதிகளைக் கடுமையாக்கியது; தீயணைப்புக்கான நீர் விநியோகத்தையும் வலுப்படுத்தியது.

நூறாண்டு கழித்தும் அதே வழக்கமே தொடர்ந்தது. 2008 டிசம்பரில் ஒன்ராறியோவின் வுட்ஸ்ரொக் நகரில், ஹோக்கின்ஸ் குடும்பத்தினர் நால்வர் தம் வீட்டினுள்ளேயே காபன் மொனொக்சைட் நச்சுவாயுவால் உயிரிழந்தனர். எரிவாயுக் கணப்பின் புகை வெளியேறும் வழி அடைபட்டிருந்தது. வீட்டில் எச்சரிக்கைக் கருவி இருக்கவில்லை. அவர்களின் உறவினரான ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர் ஜோன் ஜிக்னாக் பல ஆண்டுகள் போராடியதன் பயனாக 2013 இல் அக்குடும்பத்தின் பெயரிலேயே ஒரு சட்டம் நிறைவேறியது. 2014 அக்டோபர் 15 முதல், எரிபொருளால் இயங்கும் கருவியோ ஒட்டிய வாகனக் கொட்டகையோ உள்ள வீடுகளில், உறங்கும் இடங்களுக்கு அருகில் காபன் மொனொக்சைட் எச்சரிக்கைக் கருவி கட்டாயமாயிற்று. 2026 ஜனவரி 1 முதல் இவ்விதி மேலும் விரிந்து, அத்தகைய வீடுகளின் ஒவ்வொரு தளத்திலும் அக்கருவி இருக்க வேண்டும் என்றாகியுள்ளது.

விதிக்கோவையின் பல வரிகளுக்குப் பின்னால் இப்படி ஓர் உயிரிழப்பு உண்டு. அவற்றை அரசாங்கத்தின் தொல்லை என்று ஒதுக்குவோர் இதை நினைவிற்கொள்ள வேண்டும்.

இரண்டு விதிக்கோவைகள்

"எங்கள் வீடு 1970களில் கட்டியது, புதிய சட்டம் எங்களுக்குப் பொருந்தாது" என்று சொல்லும் வீட்டுக்காரர் பலர் உள்ளனர். இது தவறான எண்ணம்.

ஒன்ராறியோவில் கட்டட விதிக்கோவை என்றும் தீ விதிக்கோவை என்றும் இரண்டு உள்ளன. முன்னது புதிதாகக் கட்டும்போதும் மாற்றியமைக்கும்போதும் பொருந்துவது. அதன் அண்மைய பதிப்பு 2025 ஜனவரி 1 இல் நடைமுறைக்கு வந்தது. பின்னதோ ஏற்கெனவே நிற்கும் கட்டடங்களையும் கட்டுப்படுத்துவது. வீடு எந்த ஆண்டில் கட்டப்பட்டிருந்தாலும் தீ விதிக்கோவை அதன் வாசலுக்கு வரும். 2006 மார்ச் 1 முதல் ஒவ்வொரு தளத்திலும், உறங்கும் இடங்களுக்கு வெளியிலும் புகை எச்சரிக்கைக் கருவி இருக்க வேண்டும் என்ற விதி, பழைய வீட்டுக்கும் புதிய வீட்டுக்கும் ஒன்றே.

ஒரு வீட்டில் இரண்டு குடியிருப்புகள் இருந்தால் தீ விதிக்கோவை நான்கு விடயங்களைப் பார்க்கிறது. முதலாவது, மேல் வீட்டுக்கும் கீழ் வீட்டுக்கும் இடையே தீயைத் தடுக்கும் பிரிப்பு. பொதுவாக இது 30 நிமிடம் தாக்குப்பிடிக்க வேண்டும். இரண்டாவது, தப்பிச் செல்லும் வழி. மூன்றாவது, எச்சரிக்கைக் கருவிகள். நான்காவது, மின் இணைப்புகளின் பாதுகாப்பு.

இந்த நான்கும் ஏன்? பேஸ்மென்ற்றின் அமைப்பைப் பார்த்தால் விளங்கும். சூடான புகை மேல்நோக்கிச் செல்லும். கீழே தீப்பிடித்தால் படிக்கட்டே புகைபோக்கியாக மாறும். கீழே இருப்பவர் ஓட வேண்டிய வழியும் அதே படிக்கட்டுத்தான். மேல்தளத்துச் சமையலறையில் தீப்பிடித்தாலோ, கீழே உறங்குபவருக்கு அது தெரியவே நேரமாகும். தெரியும்போது வாசல் அடைபட்டிருக்கும். ஒரு கருவி ஒலித்தால் வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளும் ஒலிக்குமாறு இணைத்திருந்தால் விலைமதிப்பற்ற சில நிமிடங்கள் கிடைக்கும். இரு தளங்களுக்கும் இடையிலுள்ள பிரிப்பு அந்த நிமிடங்களை நீட்டிக்கும்.

சாளரத்தின் அளவும் வீண் கண்டிப்பு அல்ல. இரு குடியிருப்பு வீட்டில் தப்பும் வழியாகச் சாளரத்தை நம்பியிருந்தால், அதன் திறப்பு 0.38 சதுர மீட்டருக்குக் குறையக்கூடாது. நீளமோ அகலமோ 46 சென்ரிமீட்டருக்குக் குறையக்கூடாது. கருவியோ திறப்போ இல்லாமல் உள்ளிருந்தே திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும். வளர்ந்த ஒருவரின் உடல் புகுந்து வெளியேறத் தேவையான இடம் அது. திருடனுக்கு அஞ்சி அச்சாளரத்துக்குக் கம்பி அடிப்பவர், உள்ளே உறங்குபவரின் கடைசி வழியை அடைக்கிறார்.

தடை பாதுகாப்பு ஆகாது

ரொறன்ரோவின் அண்மை வரலாறு கற்பிக்கும் பெரிய பாடம் ஒன்றுண்டு. 1998 இல் ஆறு மாநகரசபைகள் ஒன்றாக்கப்பட்டபோது, அவற்றின் பழைய விதிகள் அப்படியே தொடர்ந்தன. அறை அறையாக வாடகைக்கு விட்டு, சமையலறையையும் குளியலறையையும் பொதுவில் பயன்படுத்தும் வீடுகளைப் பழைய ரொறன்ரோ நகரம் உரிமம் வழங்கி அனுமதித்தது. ஸ்காபரோவிலும் நோர்த் யோர்க்கிலும் அவை தடைசெய்யப்பட்டிருந்தன.

தடை இருந்ததால் அவ்வகை வீடுகள் ஸ்காபரோவில் இல்லாமற் போகவில்லை. பல்கலைக்கழக வளாகமும் கல்லூரியும் அங்கே இருக்கின்றன. மாணவர்கள் வந்துகொண்டே இருந்தனர். வாடகையும் ஏறிக்கொண்டே இருந்தது. வீடுகள் மறைவாக இயங்கின. உரிமம் இல்லாததால் ஒழுங்கான பரிசோதனை இல்லை. முறையிட்டால் வீடு மூடப்படும், தெருவில் நிற்க நேரும் என்ற அச்சத்தால் குடியிருந்தோர் வாய் திறக்கவில்லை.

வாகனத் தரிப்பிடம், குப்பை, வீட்டு விலை ஆகியவற்றைக் காரணம் காட்டி அயலவர் பலர் விதி மாற்றத்தை எதிர்த்தனர். 2021 இல் மாநகரசபை முடிவெடுக்காமல் ஒத்திவைத்தது. இறுதியில் 2022 டிசம்பரில் நகரம் முழுவதற்கும் ஒரே விதி ஏற்கப்பட்டு, 2024 மார்ச் 31 இல் நடைமுறைக்கு வந்தது. நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட அறைகளைத் தனித்தனியாக வாடகைக்கு விடும் இத்தகைய வீடுகள் இப்போது உரிமம் பெற வேண்டும். தீப் பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட வேண்டும். பெரும்பாலான குடியிருப்புப் பகுதிகளில் ஆறு அறைகள் வரை அனுமதி உண்டு.

நகரம் ஒன்றானது முதல் விதி ஒன்றாகும் வரை 26 ஆண்டுகள் கடந்தன. அவ்வளவு காலமும் பாதுகாப்பு மிகவும் தேவைப்பட்டவர்களே அதற்கு வெளியே இருந்தனர். புத்தகத்தில் எவ்வளவு நல்ல விதி இருந்தாலும், பரிசோதகர் காணமுடியாத வீட்டுக்குள் அது நுழையாது.

செய்ய வேண்டியவை

வீட்டு உரிமையாளராகிய பெற்றோர்களே, பேஸ்மென்ற்றை வாடகைக்கு விடுவது குற்றமன்று. 2000 ஆம் ஆண்டிலேயே ரொறன்ரோ மாநகரம் இரண்டாவது குடியிருப்பை நகரெங்கும் அனுமதித்துவிட்டது. அனுமதிப்பத்திரம் இன்றி, பரிசோதனை இன்றி அமைப்பதே குற்றம். தீ விதிக்கோவையை மீறும் தனிநபருக்கு முதல் தடவையிலேயே 50,000 டொலர் வரை தண்டமும் சிறையும் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவிக்காமல் ஆட்களைக் குடிவைத்திருந்தால், விபத்து நேரும்போது இழப்பீடு மறுக்கப்படலாம். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, "நம்ம ஊர்ப் பிள்ளை" என்று நம்பி வந்து தங்கியவரின் உயிர் வீட்டுக்காரரின் பொறுப்பில் இருக்கிறது. புகை எச்சரிக்கைக் கருவிகளை ஆண்டுக்கு ஒருமுறையேனும், புதியவர் குடிவரும்போதும் பரிசோதிப்பது வீட்டுக்காரரின் சட்டக் கடமை.

வாடகைக்கு இருக்கும் இளையோர்களே, முதல் மாத வாடகையைக் கொடுக்கும் முன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். படிக்கட்டு அடைபட்டால் எந்த வழியால் வெளியேறுவது? சாளரம் முழுமையாகத் திறக்கிறதா? எச்சரிக்கைக் கருவிகள் ஒலிக்கின்றனவா? வீட்டுக்கு உரிமமோ அனுமதியோ உண்டா? சமைக்கும் புகைக்கு ஒலிக்கிறது என்று கருவியின் மின்கலத்தைக் கழற்றாதீர்கள். அதுவும் சட்டப்படி குற்றமே. சட்டப்படி அமைக்கப்படாத குடியிருப்பு என்பதால் மட்டும் அங்கு வசிப்பவரின் உரிமைகள் அழிந்துவிடுவதில்லை. வீட்டுக்காரருடனேயே சமையலறையையோ குளியலறையையோ பகிர்பவர் தவிர, மற்றவர்களுக்கு 2006 ஆம் ஆண்டின் வாடகைக் குடியிருப்புச் சட்டம் பொருந்தும். மாநகரின் 311 தொலைபேசி எண்ணை அழைத்து, மொழிபெயர்ப்பாளர் உதவியுடன் தமிழிலேயே பேசலாம்.

இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இன்னொரு கடமை உண்டு. விதிகள் மாறும்போது மாநகரசபைக் குழுக்கள் பொதுமக்களின் கருத்தைக் கேட்கின்றன. அங்கே சென்று பேசும் வீட்டு உரிமையாளர்கள் அதிகம். வாடகைக்கு இருப்போர் குறைவு. புதிய விதிகளைப் பற்றிய அறிவித்தல்கள் தமிழிலும் வீடுகளுக்கு வர வேண்டும்; சிறு வீட்டுக்காரர் தம் பழைய பேஸ்மென்ற்றை விதிக்கு ஏற்பத் திருத்த நிதியுதவி வேண்டும்; முறையிட்டவர் வீடிழந்து நிற்காதபடி மாற்று ஏற்பாடு வேண்டும். இம்மூன்றையும் கேட்கும் குரல் ஆங்கிலமும் தமிழும் அறிந்த இளையோருடையதாக இருக்கட்டும்.

இன்று இரவு வீடு திரும்பியதும் ஒவ்வொருவரும் ஒரு சிறு வேலை செய்யலாம். எச்சரிக்கைக் கருவியின் பொத்தானை அழுத்திப் பாருங்கள். பேஸ்மென்ற்றில் யாரேனும் குடியிருந்தால், கீழே இறங்கிச் சென்று அங்குள்ள கருவியையும் அழுத்திப் பாருங்கள். அது ஒலிக்கவில்லையென்றால் நாளை வரை காத்திருக்க வேண்டாம்.