நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் வடிவியல் வரும்!

உங்க வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளை இருக்கா? அப்போ இந்தப் பேச்சு உங்களுக்குத்தான்.

கணிதப் பொதுத்தேர்வில் 100-க்கு 35 எடுத்தால் தேர்ச்சி. வினாத்தாளின் கடைசிப் பகுதியில் செய்முறை வடிவியலுக்கு 8, வரைபடத்துக்கு 8 மதிப்பெண். "எனக்குக் கணக்கே வராது" என்று ஒதுங்கும் பிள்ளைக்கு இந்த 16 மதிப்பெண் பெரிய கைகொடுப்பு.

ஆனால், கரும்பலகையைப் பார்த்தால் மட்டும் கை பழகாது. பெரிய வகுப்பில் எல்லா நோட்டையும் ஆசிரியர் அருகில் வந்து பார்ப்பதும் சிரமம். கூச்சத்தில் சந்தேகம் கேட்காத பிள்ளை, நாலு பேர் உள்ள குழுவில் தயங்காமல் கேட்கும்.

எப்படிச் செய்யலாம்? ஒரு கணக்கு பாருங்க. 3 செ.மீ. ஆரமுள்ள வட்டம், மையம் O. அதிலிருந்து 5 செ.மீ. தூரத்தில் புள்ளி P. அங்கிருந்து வட்டத்துக்குத் தொடுகோடுகள் வரையணும்.

ஆளுக்கொரு நோட்டு, காம்பஸ். முதலில் உதவிப்படம். பிறகு ஒருவர் ஒரு படியைச் சொல்ல, எல்லாரும் வரையணும். OP-க்கு மையக்குத்துக்கோடு போட்டால் நடுப்புள்ளி M கிடைக்கும். அடுத்த படியை அடுத்தவர் சொல்லணும்: M-ஐ மையமாக வைத்து, MO ஆரத்தில் இன்னொரு வட்டம். இரண்டு வட்டங்களும் வெட்டும் இடங்களை P-யோடு சேர்த்தால் தொடுகோடுகள் தயார்.

இனி எல்லாரும் அளந்து பாருங்க. 4 செ.மீ. வரணும். ஒருவருக்கு 4.4 வந்தால் உடனே அழிக்க வேண்டாம். எந்தப் படியில் காம்பஸ் நகர்ந்தது என்று நாலு பேரும் தேடுங்க. உண்மையான பாடம் அங்கேதான் நடக்கிறது. "ஏன் இது தொடுகோடு?" என்றும் ஒருவர் கேட்கணும். அரைவட்டத்தில் அமையும் கோணம் 90 டிகிரி. ஆரமும் தொடுகோடும் சந்திப்பதும் 90 டிகிரியில்தான். காரணம் புரிந்துவிட்டால் படிகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

போன் எதுக்கு? பாடப்புத்தகத்தில் உள்ள க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து, ஒருமுறை சேர்ந்து பார்க்க. அப்புறம் அதை ஓரமாக வைத்துவிடலாம்.

பெற்றோருக்கு வடிவியல் தெரியணும்னு அவசியம் இல்லைங்க. பக்கத்தில் உட்கார்ந்து, "காம்பஸை ஏன் அங்க வச்ச?" என்று கேளுங்க. பிள்ளை பதில் சொல்லத் தொடங்கினாலே பாதிக் கணக்கு முடிந்த மாதிரி.

வர்ற ஞாயிற்றுக்கிழமை, தெருவில் இருக்கும் மூன்று பிள்ளைகளையும் வீட்டுக்குக் கூப்பிடுங்க. ஒரு மணி நேரம் போதும்.