கோடு எங்கே போட்டாய்?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"ஏதாவது உயர்ந்த டெக்னாலஜி பற்றிப் பேசப்பா" என்று செயலாளர் சொன்னார். நான் பேசப் போவது என் வீட்டுக் காற்றைப் பற்றி. அதுவும் நான் கோட்டைவிட்ட கதை.

நான் இருப்பது கனடாவில், சஸ்காட்செவன் மாகாணத்து ரெஜைனா நகரில். குளிர்காலத்தில் மைனஸ் 30 டிகிரி அங்கே சகஜம். 1950களில் கட்டிய பழைய வீடு ஒன்றை வாங்கினேன். ஹீட்டர் செலவைக் குறைக்க, ஓர் இடுக்கு விடாமல் அடைத்தேன். செலவு குறைந்தது. ஆனால் ஜன்னல் கண்ணாடியின் உட்புறம் பனி கட்டியது. பீரோவுக்குப் பின்னால் சுவரில் கறுப்பாகப் பூஞ்சணம். மகளுக்கு விடாத இருமல். ஊரிலிருந்து வந்திருந்த அம்மா ஒரே வரியில் சொல்லிவிட்டார்: "ஏன்டா, வீட்டுக்கு மூக்கையே அடைச்சுட்டியே, அது எப்படிடா மூச்சு விடும்?"

ஜன்னலைத் திறந்தால் சூடெல்லாம் போய்விடும். இதற்கு ஒரு வழி, வெளியேறும் பழைய காற்றின் வெப்பத்தை உள்ளே வரும் புதிய காற்றுக்கு மாற்றிக் கொடுப்பது. இரண்டு காற்றும் கலப்பதில்லை; நடுவே மெல்லிய தகடுகள். நம் லேபில் தண்ணீரை வைத்துச் செய்த எதிரோட்ட வெப்பப் பரிமாற்றிதான், இங்கே காற்றுக்கு! 1977-இல் ஹெரால்ட் ஆர், ராபர்ட் பெசன்ட், ராபர்ட் டூமாண்ட் முதலிய பொறியாளர்கள் உருவாக்கிய 'சஸ்காட்செவன் கன்சர்வேஷன் ஹவுஸ்' இதே ரெஜைனாவில்தான் இருக்கிறது. வீட்டுக்கு இப்படிப்பட்ட கருவியை முதன்முதலில் பயன்படுத்தியவற்றுள் அதுவும் ஒன்று. அவர்கள் செய்தார்கள், நாம் செய்யக்கூடாதா என்று பேப்பரும் பென்சிலுமாக உட்கார்ந்தேன்.

கணக்கைக் கேளுங்கள். ஆஷ்ரே 62.2 விதிப்படி தரைப்பரப்பை 0.15-ஆல் பெருக்கு, படுக்கையறை எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டி 3.5-ஆல் பெருக்கு, இரண்டையும் கூட்டு. என் வீடு 140 சதுர மீட்டர், 3 படுக்கையறை. 21-ம் 14-ம் சேர்ந்து வினாடிக்கு 35 லிட்டர். உள்ளே 20, வெளியே மைனஸ் 30 என்றால் அந்தக் காற்றோடு 2.1 கிலோவாட் வெளியே போகும். 75 சதவீதம் மீட்டால் இழப்பு சுமார் அரை கிலோவாட்தான். குளியலறை, சமையலறையிலிருந்து உறிஞ்ச வேண்டும். படுக்கையறைகளுக்குப் புதுக்காற்று விட வேண்டும். வெளியே போகும் வாயும் உள்ளே இழுக்கும் வாயும் ஆறடியாவது தள்ளி இருக்கட்டும் என்று வரைந்தேன். குளிர்ந்த குழாய்களுக்கு இன்சுலேஷன், வடியும் நீருக்கு டிரெயின், எல்லாம் சரி.

ஒரு சிக்கல் பாக்கி. ஈரக்காற்று பரிமாற்றியில் குளிரும்போது நீர் உறைந்து அடைத்துக்கொள்ளும். அதற்கு மலிவாக ஒரு யோசனை செய்தேன். சில நிமிடம் உள்வரும் விசிறியை நிறுத்திவிட்டால், வெளியேறும் சூடான காற்றே பனியை உருக்கிவிடும். என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

2019 பிப்ரவரி, ஓர் இரவு. அம்மா தோசை வார்க்கிறார், அடுப்புக்கு மேல் விசிறி ஓடுகிறது. கீழ்த்தளத்தில் துணி உலர்த்தும் இயந்திரமும் காற்றை வெளியே தள்ளுகிறது. அந்த நேரம் பார்த்து என் கருவியும் உள்வரும் விசிறியை நிறுத்தியது. எல்லாம் வெளியே இழுக்கின்றன. உள்ளே வரத்தான் வழியில்லை, ஓட்டையெல்லாம் நானே அடைத்தாயிற்றே! வீடு காற்றை எங்கிருந்து இழுத்தது தெரியுமா? கேஸ் வாட்டர் ஹீட்டரின் புகைபோக்கி வழியாக. மேலே போக வேண்டிய புகை கீழே திரும்பியது. கார்பன் மோனாக்சைடு அலாரம் அலறியது.

மகளைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். புடவைக்கு மேல் என் கோட்டைப் போர்த்தியபடி அம்மா பனியில் நடுங்கிக்கொண்டு நின்ற காட்சி இன்னும் கண்ணில் இருக்கிறது. அந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. தூக்கத்தில் வந்திருந்தால், அலாரமும் இல்லாதிருந்தால், இன்று இந்த மேடையில் நான் இல்லை.

தீயணைப்பு வண்டி வரும்வரை என் காதில் ஒலித்தது தெர்மோடைனமிக்ஸ் வகுப்பில் நம் சார் கேட்கும் கேள்விதான்: "கண்ட்ரோல் வால்யூம் கோடு எங்கேடா போட்டே?" நான் கோட்டை என் பெட்டியைச் சுற்றிப் போட்டிருந்தேன். போட்டிருக்க வேண்டியது வீட்டைச் சுற்றி.

பிறகு திருத்தினேன். பனி உருக்கும் நேரத்தில் வெளிவாய் இரண்டையும் மூடி, வீட்டுக் காற்றையே சுற்றவிடும் டேம்பர் வைத்தேன். உள்ளே வருவதும் வெளியே போவதும் சமமா என்று அளந்து சரிசெய்தேன். உரிமம் பெற்ற கேஸ் டெக்னீஷியனை அழைத்து, வெளிக்காற்றைத் தானே எடுத்துக்கொள்ளும் மூடிய வகை ஹீட்டர் மாட்டினேன். ஜன்னல் பனி போயிற்று, பூஞ்சணம் போயிற்று, மகளின் இருமலும் நின்றது.

தம்பி தங்கைகளே, இது குளிர்தேசத்துக் கதை என்று விட்டுவிடாதீர்கள். மூடிய குளியலறையில் கேஸ் கீசர் வைக்கும் நம் ஊரிலும் இதே வாயு உயிரைக் குடிக்கிறது. உங்களால் செய்ய முடிந்ததைத் தைரியமாகச் செய்யுங்கள். ஆனால் கால்குலேட்டரைத் தொடுமுன் கோட்டைப் போடுங்கள். அதற்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.