வாசனைப் பொருளும் உடல்நலமும்



கிராம முன்னேற்றம் என்றவுடன் சாலை, கிணறு, பள்ளிக்கூடம் ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. நாள்தோறும் உடம்பில் பூசிக்கொள்ளும் பொருள்களைப் பற்றி நாம் ஆராய்வது அரிது. மானாவாரிக் காட்டில் உழைத்துத் திரும்பும் உழவரும், திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளுக்குச் சென்றுவரும் பெண்மக்களும் வாசனைச் சோப்பும் பவுடரும் விரும்பி வாங்குகின்றனர். அது தவறன்று. ஆயினும், அம்மணம் எதனால் உண்டாகிறது என்பதை அறிதல் நலம்.

மல்லிகையின் மணம் மலரில் பிறப்பது. சோப்பின் மணமோ பெரும்பாலும் இரசாயனத் தொழிற்சாலையில் ஆக்கப்படுவது. அத்தகைய பொருள்களுள் ஒன்று 'லிலியால்'. மலர் மணம் தருவதால் சோப்பு, ஷாம்பு, முகப்பூச்சு, சலவைத் தூள் ஆகியவற்றில் இது பல்லாண்டுகள் சேர்க்கப்பட்டு வந்தது. எலிகளுக்கு இதனை உட்கொள்ளக் கொடுத்துச் சோதித்தபோது, ஆண் எலிகளின் விரைகள் பாதிக்கப்பட்டமை கண்டறியப்பட்டது. பல பண்டங்களின் வழியாக உடலிற் சேரும் மொத்த அளவைக் கருதினால் இது பாதுகாப்பானதென்று கொள்ள இயலாது என, 2019-ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியத்தின் அறிவியற் குழு கூறிற்று. 2022 மார்ச் 1 முதல் அங்கு அழகுப் பொருள்களில் இது தடை செய்யப்பட்டது.

இதனைக் கேட்டு நாம் அஞ்ச வேண்டுவதில்லை. எலி உட்கொண்ட அளவு வேறு. நம் தோலிற் படும் அளவு வேறு. ஆனால், சிறு துளி பெருவெள்ளம் அன்றோ? சோப்பிற் சிறிது, பவுடரிற் சிறிது, துவைத்த துணியிற் சிறிது எனச் சேர்வதையே அக்குழு எண்ணிப் பார்த்தது.

நாம் செய்யத்தக்கவை மூன்று. முதலாவது, உறையைப் படித்தல். நம் நாட்டின் 2020-ஆம் ஆண்டு அழகுப் பொருள் விதிகளின்படி தயாரிப்பாளர் பெயர், உரிம எண், பயன்படுத்தத்தக்க காலம், சேர்மானங்கள் ஆகியவை உறையில் இருத்தல் வேண்டும். 'பியூட்டைல்பினைல் மெத்தில்புரோப்பியோனல்' என்றிருந்தால் அதுவே லிலியால். எழுத்து ஆங்கிலத்தில் இருப்பின், பள்ளியிற் படிக்கும் பிள்ளைகளைக் கொண்டு படித்தறியலாம். 'பர்ஃப்யூம்' என்று மட்டும் இருந்தால், உள்ளிருப்பது இன்னதென்று உறையைக் கொண்டு அறிய இயலாது. இரண்டாவது, சந்தையில் பெயரும் உறையுமின்றி விற்கும் ஷாம்பு, அத்தர் முதலியவற்றை விலக்குதல். மூன்றாவது, குழந்தைகளுக்கும் கருவுற்ற தாய்மாருக்கும் மணமற்ற பொருள்களையே தேர்தல். அரிப்போ தடிப்போ கண்டால் உடனே நிறுத்தி, ஆரம்ப சுகாதார நிலையத்தை நாடுக.

கிராம சபை கூடும் நாளில் இச்செய்தியையும் எடுத்துக் கூறுமாறு வேண்டுகிறோம். கைப்பொருளைக் கொடுத்து வாங்குவதன் உள்ளீட்டை அறிவது நம் உரிமை. அறிந்து வாங்குவது நம் கடமை.